ஒன்பதாவது ஏடு

இன்னும் கூப்பிடவில்லை. முதல் முரசு அடித்தபோது வந்து விசாரணை மண்டபத்து வாசலில் இந்தப் பலகையில் உட்கார்ந்தேன், இரண்டாவது முரசும் அடித்தாகிவிட்டது, கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பயம், கூப்பிடாமல் இருந்தால் அதைவிடப் பயம். கணப்பு தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் எரிகிறது. எழுந்து போய்க் குளிர் காயலாம், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் எழுந்தால் அந்தக் காவலன் திரும்பிப் பார்ப்பான், ஏன் எழுந்தான், எங்கே போகப் பார்க்கிறான் என்று நினைப்பான், பிறகு யாராவது கேட்கும்போது ஆமாம் ஐயா, அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை, நிலைகொள்ளாமல் இருந்தார் என்று சொல்வான். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். குற்றம் செய்தவனைப்போல ஏன் உட்கார்ந்திருக்கிறேன்? நான் சாட்சி. முறையிட்டவனே நான்தான். ஆவணச் சாலையில் பதினெட்டு வருடம் எழுதிய கை இது, பெய் ஆனின் கையெழுத்து என்றால் அரண்மனையில் தெரியாதவர்கள் கிடையாது, அந்தக் கையெழுத்துக்குள் ஒருவன் கத்தியை விட்டுச் சுரண்டிவிட்டான், அதைச் சொல்ல வந்திருக்கிறேன். மடியில் நீலத்துணியில் சுற்றிய மூங்கில் ஏட்டுக்கட்டு, என் மூலப்படி. கதவுக்கு அந்தப் பக்கம் அதைச் செய்த துவான் ஜி இருக்கிறார். அவரை விசாரிக்கிறார்கள். சத்தமே இல்லை. அடித்தால் சத்தம் வரும். அடிக்காமல் என்ன செய்கிறார்கள்? அவர் பேசுகிறாரா? என்னைப் பற்றி என்ன பேசுகிறார்?

பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. காலையில் எனக்கு முன்னால் வந்துவிடுவார், தன் மைக்கல்லில் தண்ணீர் விடும்போது என் கல்லிலும் இரண்டு சொட்டு விட்டுவைப்பார், நான் வந்து உட்காரும்போது கல் ஈரமாக இருக்கும், அதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பாதி நேரம் கனைப்பதோடு சரி, பேச்சு வராது. அங்கியின் கைமடிப்பில் வறுத்த கஷ்கொட்டை வைத்திருப்பார், குளிர்காலத்தில் ஒன்றை உரித்து என் பக்கம் தள்ளுவார். அந்த மனிதர்தான். ஐந்து நாளைக்கு முன்னால், நான் எழுதி முடித்த விண்ணப்பம் மறுநாள் அரியணைக்குப் போகவேண்டும், மூலப்படியைப் பார்த்து எழுதிய நற்படியைக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன், உள்வாசல்வரை வந்தபிறகுதான் கையுறையை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. என் கட்டு பிரிந்து கிடந்தது. துவான் ஜி அதன்மேல் குனிந்து, கையில் பிழை திருத்தும் சுரண்டுகத்தியோடு, மூங்கில் தூளை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அந்த ஊதலை நான் கேட்டேன். உள்ளே போயிருக்கலாம். என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு விடும் நேரம். கேட்கவில்லை. பின்புறமாகவே அடி வைத்து நடந்து, தாழ்வாரம் திரும்பியதும் ஓடினேன். கையுறை அங்கேயே கிடந்தது. அதனால்தான் இப்போதும் கை விறைக்கிறது.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. இருந்ததா? இருந்தது. அறுவடை முடிந்த மாதத்தில் துணைத்தலைவர் இடம் காலியானது, எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், கிடைத்தது துவான் ஜிக்கு. அவர் அன்றைக்கு என் மேசை அருகில் வந்து கனைத்தார். நான் எழுதுவதுபோல இருந்தேன், அவர் போய்விட்டார். பிறகு யாரோ சொன்னார்கள், பதவி இழந்த பழைய அமைச்சரின் வீட்டுக்கு நான் போய்வந்ததை மேலே தெரிவித்த ஆள் நம் ஆவணச் சாலையிலேயே இருக்கிறான் என்று. யார் என்று சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன். வேறு யார், இடம் யாருக்குக் கிடைத்ததோ அவர்தான் என்று. அதன்பிறகு ஈரமான மைக்கல்லைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. கஷ்கொட்டையைத் தொடாமல் விட்டேன், அது மேசையிலேயே காய்ந்து கிடக்கும், மாலையில் அவரே எடுத்துக்கொள்வார். ஒருவரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டால் அவர் செய்யும் எல்லாமே அதற்கு ஏற்றபடி அமைந்துவிடுகிறது, பேசாமல் இருந்தால் மறைக்கிறார், பேசினால் நடிக்கிறார். போன மாதம் மாமன்னர் காலமானார், இளவரசர் அரியணை ஏறினார், பழைய ஆட்களைக் களையெடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது, நான் காய்ச்சலில் ஆறு நாள் படுத்தேன், பழைய அமைச்சரின் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் படிக்கிறார்கள் என்று கனவு வந்தது. காய்ச்சலோடுதான் கிழக்கு ஆற்று அணையைப் பற்றிய அந்த விண்ணப்பத்தின் மூலப்படியைப் படுக்கையில் உட்கார்ந்து எழுதினேன். எழுந்து போனதும் அதைப் பார்த்து நற்படி எடுத்தேன். இருபத்திரண்டு ஏடு. எனக்கு மனப்பாடம்.

துவான் ஜியைக் கத்தியோடு பார்த்த அன்று மாலையே அவர் என் வீட்டுக்கு வந்தார். வெயில் இன்னும் சுவரில் இருந்தது. வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது, வாயில்காக்கும் வேலையாள் தூவிடம் நான் இல்லையென்று சொல்லச் சொன்னேன். சன்னல் காகிதத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். என் செருப்பு வாசலில்தான் கிடந்தது, பார்த்திருப்பார். பிறகு தூவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். தூ வந்து ஒப்பித்தான், ஐயா தம்முடைய மூலப்படியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கவேண்டும், இன்றைக்கே படித்தால் நல்லது, இதைச் சொல்லச் சொன்னார் என்று. என் மனைவி அதற்கு என்ன அர்த்தம் என்றாள். நான் சொன்னேன், நான் எழுதியதற்கும் மன்னர் படிக்கப்போவதற்கும் வித்தியாசம் வைத்துவிட்டேன், முடிந்தால் கண்டுபிடி என்று மிரட்டிவிட்டுப் போகிறான் என்று. அவர் அப்படிப்பட்டவர் மாதிரித் தெரியவில்லையே, நாளைக்கு நீங்களே ஒருதரம் கேட்டுவிடுங்களேன் என்றாள். நான் அவள்மீது கோபப்பட்டேன். மகள்கள் இரண்டு பேரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சத்தத்தில் பெரியவள் எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னும் பயம் வந்தது. நான் போனால் இவர்களை எங்கே அனுப்புவார்கள்? அவர் முந்திக்கொள்வதற்குள் நான் முந்தவேண்டும். படிக்கவில்லை. அவர் சொன்ன ஒரே காரியத்தை நான் செய்யவில்லை.

மறுநாள் காலை இதே மண்டபத்துக்கு வந்து யென் விசாரணைத் தலைவரிடம் சொன்னேன், என் விண்ணப்பத்தில் ஒருவர் கைவைத்திருக்கிறார் என்று. சொல்லும்போது துவான் ஜி என்ற பெயர் எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. யென் எழுதிக்கொள்ளக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினார், தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை ஆள் வந்து சொன்னான், ஒன்பதாவது ஏட்டில் சுரண்டல் இருக்கிறது, மூலப்படியை எடுத்துக்கொண்டு காலையில் வரவேண்டும், துவான் ஜியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று. அரியணைக்குப் போகும் எழுத்தைத் திருத்துகிறவனுக்கு மரணம். அது எனக்குத் தெரியும், சட்டத்தை எத்தனை முறை படியெடுத்திருக்கிறேன். ஆனால் தெரிந்தது வேறு, அவர் கழுத்து என்று நினைத்துப் பார்த்தது வேறு. வசந்தம் பிறந்துவிட்டால் யாரையும் கொல்லமாட்டார்கள், தண்டனைகளையெல்லாம் குளிர்காலத்துக்குள் முடித்துவிடவேண்டும், வசந்தத்துக்கு இன்னும் எட்டு நாள். தாமதம் செய்யமாட்டார்கள். பதவியிலிருந்து இறக்கினால் போதும் என்றுதானே நினைத்தேன்? இல்லை, ஒன்றும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். விடியற்காலை மங்கலில் அலமாரியிலிருந்து ஏட்டுக்கட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்பதாவது ஏட்டில் என்ன எழுதினேன்? அணையின் நீளமா? வேலைக்கு வேண்டிய ஆட்களின் கணக்கு எட்டாவதில் முடிந்துவிடுகிறது. ஒன்பது, வெள்ளம் வடிந்ததைப் பற்றி. யென் கேட்டால் தடுமாறக்கூடாது. பார்த்துக்கொள்வதில் தப்பில்லை, என் ஏடு, என் எழுத்து. காவலன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். முடிச்சு இறுகியிருக்கிறது, விரல் விறைத்து நழுவுகிறது, அவிழ்ந்தது, ஏழு, எட்டு, ஒன்பது.

வெள்ளம் வடிந்தது, நீர் தெளிந்தது.

இதில் என்ன இருக்கிறது? நல்ல வாக்கியம். வடிந்தது, தெளிந்தது. எதற்கு இதைச் சுரண்டினார்? நீர். வடிந்தது. தெளிந்தது. தெளிவு. ஐயோ. இதை மனதில்கூடச் சொல்லக்கூடாது. புதிய மாமன்னரின் இயற்பெயர். அரியணை ஏறிய அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்குரிய எழுத்து யாருக்கும் கிடையாது, எழுதக்கூடாது, வாயால் சொல்லக்கூடாது, அதற்குப் பதில் தூய்மை என்ற எழுத்தைப் போடவேண்டும், சுற்றறிக்கை நான் படுத்திருந்தபோது வந்தது, எழுந்துபோன அன்றே படித்தேன், படித்தேன் என்று கையொப்பமும் வைத்தேன், வைத்துவிட்டு உட்கார்ந்து மூலப்படியைப் பார்த்து அதே எழுத்தை அப்படியே எழுதியிருக்கிறேன். சிறுவயதிலிருந்து முப்பது வருடமாக எழுதிய எழுத்து. கண் பார்க்கவேயில்லை, கை தானாக எழுதிவிட்டது. மேலேயிருந்து கீழே, அழகாக, ஒரு கோடும் குறையாமல். நான் மேசையில் வைத்துவிட்டுப் போனேன், அவர் துணைத்தலைவர், அனுப்புமுன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்ப்பது அவர் வேலை, பார்த்திருக்கிறார். கத்தியை எடுத்திருக்கிறார்.

தெற்கு மாகாணத்தில் தானியக்கிடங்கின் எழுத்தர் ஒருவர், புதிய மாமன்னர் அரியணை ஏறிப் பத்தாவது நாள், ஒரு மூட்டையின் அடையாளப் பலகையில் அந்த எழுத்தை எழுதிவிட்டார். ஒரு மூட்டையில். அவரைச் சந்தையில் வைத்து வெட்டினார்கள், குடும்பத்தை வடக்கு எல்லைக்கு அனுப்பினார்கள், அந்த ஆணையைப் படியெடுத்தது நான். மூட்டைக்கே அப்படியென்றால் மன்னர் கையில் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு என்ன? துவான் ஜி தூய்மை என்று மாற்றி எழுதியிருந்தால் பார்த்த எவனுக்கும் விளங்கிவிடும், சுரண்டிய பள்ளத்தில் என்ன எழுத்து இருந்தது, யார் தப்பு செய்தது என்று. அதனால் அவர் அப்படி எழுதியிருக்கமாட்டார். வாக்கியத்தையே மாற்றியிருப்பார். யோசித்து, என் கையெழுத்தைப்போலவே, என் வளைவுகளோடு. இவ்வளவும் செய்துவிட்டு என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம், ஆனால் மூலப்படி என் வீட்டில் இருக்கிறதே, அதையும் அழித்துவிடவேண்டுமே, அதற்காக வெயில் தாழ்வதற்குள் நடந்து வந்திருக்கிறார். வாயில்காப்போனிடம் எப்படிச் சொல்வது? படித்துப் பார்க்கச் சொல். வேறு எதைச் சொன்னாலும் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். என் செருப்பைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காகிதம். இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் ஏன் சுரண்டினாய் என்று கேட்கிறார்கள். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் என்னைப் பிடித்திருப்பார்கள். சத்தம் வராததற்கு அதுதான் காரணம். அவர் பேசாமல் நிற்கிறார்.

சொல்லிவிடவேண்டும். உள்ளே போனதும் இந்த ஏட்டைப் பிரித்துக் காட்டி, இதோ, பிழை என்னுடையது, அவர் மறைத்துக் காப்பாற்றப் பார்த்தார் என்று சொல்லிவிடவேண்டும். சொன்னால்? சந்தை. கழுத்து. பெரியவளுக்குப் பதினாலு, சின்னவளுக்கு ஒன்பது, வடக்கு எல்லையில் குளிர்காலத்தில் மூச்சு உறையும் என்பார்கள், சின்னவளுக்கு ஏற்கெனவே மார்ச்சளி. சொல்லாமல் இருந்தால்? அவருக்கும் குடும்பம் இருக்கும். இருக்கிறதா? ஒரு மகன் என்று எப்போதோ சொன்னார், அல்லது மருமகனா. கதவுக்குப் பின்னால் யாரோ நடக்கிறார்கள். வருகிறார்கள். மூலப்படியை வாங்கிப் பார்ப்பார்கள். இந்த எழுத்தைப் பார்ப்பார்கள். காலடி நெருங்குகிறது, நின்றது, திரும்பிப் போகிறது. என் இடுப்பில் சுரண்டுகத்தி தொங்குகிறது, எழுத்தர்கள் எல்லோரும் கட்டியிருப்பது, சாட்சியிடமிருந்து அதை வாங்கிவைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைத் தொட்டுப் பார்க்கிறேன். சும்மா தொடுகிறேன். காவலன் கணப்பில் கரி தள்ளுகிறான், கரி நொறுங்கும் சத்தத்தோடு சத்தமாக என் கை இழுத்துவிட்டது. ஒரு இழுப்பு. இன்னொன்று. பதினெட்டு வருடப் பழக்கம், ஏடு வளையாமல், ஒலி எழாமல், எழுத்து சுருளாகக் கழன்று மடியில் விழுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாரோ செய்வதைப்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுருளை எங்கே போடுவது? தரையில் போட்டால் தெரியும். வாயில் போட்டுக்கொள்கிறேன். மை கசக்கிறது, சிம்பு நாக்கில் குத்துகிறது, எச்சில் ஊறமாட்டேனென்கிறது, விழுங்குகிறேன், தொண்டையில் நின்று பிறகு இறங்குகிறது. போய்விட்டது. நான் பிழைத்தேன். மூச்சு வருகிறது. அணைமீது நின்று பார்த்தால் மஞ்சள் தண்ணீர் வடிந்து நீலமாகிற இடம் தெரியும், அதைப் பார்த்துத்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன், நல்ல வாக்கியம். நான் பிழைத்தேன். பிறகுதான் புரிகிறது. அவரைக் காப்பாற்ற உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த எழுத்து. அதைத்தான் தின்றேன்.

"பெய் ஆன்."

கூப்பிட்டுவிட்டார்கள். கால் மரத்துப்போயிருக்கிறது. ஏடுகளை எப்படிச் சுருட்டினேனோ தெரியவில்லை, துணி ஒரு பக்கம் தொங்குகிறது, உள்ளே வெளிச்சம் கூடுதலாக இருக்கிறது, தெற்குச் சன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. யென் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். கீழே துவான் ஜி மண்டியிட்டிருக்கிறார். தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்ததேயில்லை, உச்சியில் முடி இவ்வளவு குறைவு என்று தெரியாது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. யென் வாசிக்கிறார், அலுப்போடு வாசிக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டுவிட்டார், பெய் ஆனின் புகழைப் பொறுக்காமல், வெள்ளம் வடிந்து ஆற்றின் அடிமணல் தெரிகிறது என்று பொய்யாக மாற்றி எழுதினார், மன்னர் அதைப் படித்து ஆற்றில் தண்ணீரே இல்லை என்று நினைத்து அணை வேலையை நிறுத்தியிருப்பார், ஆயிரம் குடும்பங்கள் அடுத்த வெள்ளத்தில் போயிருக்கும். அடிமணல். அந்த எழுத்தே வராமல், அந்த எழுத்தின் பொருளைச் சொல்லப் பார்த்திருக்கிறார். தண்ணீர் அப்படி ஆனால் அடிமணல் தெரியும். எவ்வளவு நேரம் குனிந்து யோசித்திருப்பார்! அதுவே அவர் கழுத்துக்கு வந்துவிட்டது. மூலப்படியைக் கேட்கிறார்கள், என் கையிலிருந்து போகிறது, யென் ஒன்பதாவது ஏட்டைக் கட்டைவிரலால் தடவுகிறார். தடவியதும் விரல் நிற்கிறது.

"இதிலும் சுரண்டல் இருக்கிறதே" என்கிறார். "பள்ளம் வெள்ளையாக இருக்கிறது. இன்றைக்குச் சுரண்டியது."

மண்டியிடுகிறேன். தரை சில்லென்று இருக்கிறது. சொல்லப்போவதில்லை என்றுதான் நினைத்தேன், மகள்கள் முகம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் வாய் திறந்துவிட்டது, கை எப்படித் தானாகச் சுரண்டியதோ அப்படியே வாயும். நான்தான் சுரண்டினேன் என்கிறேன். வெளியே உட்கார்ந்து இப்போதுதான் சுரண்டினேன், பயத்தில் சுரண்டினேன், பிழை என்னுடையது, நற்படியிலும் அதே பிழை இருந்தது, துவான் ஜி அதைத்தான் எடுத்தார், பொறாமையால் இல்லை, என் உயிருக்காக.

"என்ன பிழை?" என்கிறார் யென்.

அதைச் சொல்லமுடியாது. சொன்னாலே குற்றம். மாமன்னரின் திருப்பெயர் என்று ஆரம்பிக்கிறேன், அதற்குமேல் போகாமல் நிறுத்திக்கொள்கிறேன். மண்டபத்தில் ஓரமாக நின்ற இரண்டு எழுத்தர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்போது துவான் ஜி கனைக்கிறார். இந்தக் கனைப்புக்குப் பிறகு வார்த்தை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். வருகிறது.

"ஐயா, பெய் ஆன் ஆறு நாள் கடும் காய்ச்சலில் கிடந்தவர். அறிவு இன்னும் நிலைக்கு வரவில்லை. என்மேல் இரக்கப்பட்டு ஏதோ சொல்கிறார். பிழையை மறைக்க நினைத்தவன் மூலப்படியை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவானா? அவர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்."

இல்லை என்கிறேன், இல்லை ஐயா. யென் என்னைப் பார்க்கிறார், இத்தனை நாளில் முதல்முறையாக நேராகப் பார்க்கிறார், அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது, இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் எந்த எழுத்தைச் சொல்லமுடியாமல் நிற்கிறேன் என்று, பள்ளத்தில் என்ன இருந்தது என்று, இரண்டு பள்ளத்திலும். நேற்றே அரியணைக்கு எழுதி அனுப்பியிருப்பார், பொறாமை, பொய், ஒப்புதல் என்று. இப்போது மாற்றினால் அவர் எழுதியது தவறாகும். தவறாக எழுதியவருக்கு என்ன ஆகும் என்று இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவரும் பயப்படுகிறார். மேடைமேல் உட்கார்ந்திருக்கிற மனிதரும் என்னைப்போலப் பயப்படுகிறார் என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வருகிறது, இனி யாரிடம் சொல்வது?

"நீர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை" என்கிறார் யென், மெதுவாக, ஏட்டை மற்ற ஏடுகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே. "மூலப்படி பூச்சி அரித்துப் பயன்படாத நிலையில் இருந்தது. உமக்குப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? எழுந்திரும். ஆவணச் சாலையிலிருந்து வந்திருக்கிற மூத்தவர் நீர்தான். தீர்ப்பை எழுதும்."

எழுதுகிறேன். மைக்கல் உலர்ந்திருக்கிறது, நானே தண்ணீர் விட்டுத் தேய்க்கிறேன். மூன்று ஏடு. அவர் பெயர், அவர் ஊர், குற்றம், இன்றிலிருந்து ஐந்தாம் நாள், கிழக்குச் சந்தை. குடும்பத்தைத் தண்டிப்பதாக இல்லை, ஒப்புக்கொண்டதால் அந்த இரக்கம். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, உடம்பெல்லாம் நடுங்குகிறது, கை மட்டும் வழக்கம்போல எழுதுகிறது. ஒவ்வொரு ஏட்டையும் முடித்ததும் கண் தானாக மேலிருந்து கீழே போகிறது, எங்காவது அந்த எழுத்து வந்துவிட்டதா என்று தேடுகிறது. அவருடைய சாவை எழுதும்போதுகூட என் கழுத்தைத்தான் பார்த்துக்கொள்கிறேன். கைநாட்டு வாங்க ஏட்டை அவரிடம் கொண்டுபோகவேண்டும். கொண்டுபோய்க் குனிகிறேன். அவர் கட்டைவிரலில் நானே மை தடவுகிறேன். இவ்வளவு அருகில் பார்த்ததில்லை, கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது, நேற்றிலிருந்து உட்காரவிடவில்லை போலிருக்கிறது. நான் வீட்டில்தான் இருந்தேன் என்கிறேன், அன்று மாலை நான் வீட்டில்தான் இருந்தேன்.

"தெரியும்" என்கிறார். "நான் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கவேண்டும். எனக்கு எப்போதும் பேச வராது." பிறகு விரலை ஏட்டில் வைத்து அழுத்திவிட்டு, எழுந்திருக்காமலே, "என் வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு வேறு யாரும் சொல்லக்கூடாது. காரணத்தைச் சொல்லவேண்டாம்" என்கிறார். அதற்குள் அவரைத் தூக்கி நிறுத்திக் கூட்டிப்போகிறார்கள். நான் குனிந்தபடியே இருக்கிறேன். சதையில் தைத்த முள்ளைப்போல அந்த மூங்கில் சிம்பு தொண்டையில் இன்னும் எங்கேயோ இருக்கிறது.

வெளியே நல்ல வெயில். வாசல் முற்றத்தில் ஆட்கள் வழக்கம்போலப் போய்வருகிறார்கள், ஒருவர் எனக்குத் தலைவணங்குகிறார், துணைத்தலைவர் இடம் மறுபடி காலி என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. நடக்கிறேன். வீட்டுக்குப் போகலாம். மனைவி வாசலில் நிற்பாள். பெண்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம், காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது என்று படுத்துக்கொள்ளலாம், படுத்தால் காய்ச்சலும் வரும். துவான் ஜியின் வீட்டுக்கு வேறு யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள், காவலர்களே போவார்கள். வேறு யாரும் சொல்லக்கூடாது என்றாரே. போகவேண்டும். எந்தப் பக்கம் போகவேண்டும்? நடுமுற்றத்தில் நின்றுவிடுகிறேன். எனக்குத் தெரியாது. அவர் என் வீட்டுக்கு ஏழெட்டு முறையாவது வந்திருப்பார், சின்னவள் பிறந்தபோது, என் அம்மா இறந்தபோது, காய்ச்சலில் படுத்திருந்தபோது மருந்துவேரோடு ஒருமுறை. நான் ஒருதடவைகூடப் போனதில்லை. வடக்குப் பேட்டையா, ஏரிக்கரைப் பக்கமா, தெருவின் பெயர்கூடத் தெரியாது. பதினோரு வருடம். அவர் மனைவியின் பெயர் தெரியாது. கேட்டால்தான் தெரியும், கேட்பதென்றால் வெளிவாசல் காவலனிடம் கேட்கவேண்டும், அதிகாரிகளின் வீட்டுப் பட்டியல் அவனிடம்தான் இருக்கிறது. தண்டனை பெற்றவரின் வீட்டை விசாரிக்கிறவர்களின் பெயரை அவன் குறித்துக்கொள்வான், ஒவ்வொரு மாதமும் அந்தக் குறிப்பு மேலே போகும், பழைய அமைச்சரின் வீட்டுக்குப் போனவர்களை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். யாரும் கோள் சொல்லவில்லை. அப்படித்தான் என் பெயரும் போயிருக்கிறது. எவ்வளவு சாதாரணமான விஷயம், இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை?

வெளிவாசலுக்கு நடக்கிறேன். காவலன் நிமிர்ந்து பார்க்கிறான். வீட்டைக் கேட்கிறேன். எந்தத் துவான் ஜி என்கிறான், இன்றைக்குத் தீர்ப்பானவரா? ஆமாம் என்கிறேன். அவன் பட்டியலை எடுக்காமல் தூரிகையை எடுக்கிறான்.

"அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?"

பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒரே ஆவணச் சாலையில் வேலை பார்க்கிறோம் என்று சொன்னால் போதும், அது பொய்யுமில்லை. சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன்.

"நண்பர்" என்கிறேன்.

அவன் என் பெயரைக் கேட்கிறான். சொல்கிறேன். அதை எந்த எழுத்தில் எழுதுவது என்று கேட்கிறான். குளிரில் விரல் வளையவில்லை, ஆனாலும் அவன் பலகையின்மேல் விரலால் ஒவ்வொரு கோடாக எழுதிக் காட்டுகிறேன்.